குடைக்காரிக்கு முதலிடம் கொடுக்கலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் சங்கத்தின் நான்கு பக்க மலருக்கு 'இந்த ஆண்டின் சிறந்த பத்துப் பொம்மைகள்' என்று ஒரு பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். பத்தாவது இடத்திலிருந்து இரண்டாவது இடம் வரை மளமளவென்று வந்துவிட்டது. முதல் இடத்தில் பேனா நின்றது. [பேனா இல்லை, கீபோர்டு. பேனா என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது.]

பொம்மை என்றால் கட்டைவிரல் உயர சூப்பர்ஹீரோ. காலடியில் வட்டமான தட்டு, தட்டுக்குள் ஒரு சக்கரம். அடி வாங்கும்போதெல்லாம் சக்கரத்தை ஒரு சுற்று திருப்ப வேண்டும். 'டக்' என்று சத்தம் வரும், சின்ன ஜன்னலில் தெரியும் எண்கள் இறங்கும். இரண்டு பகடையை உருட்டி, வருவதோடு ஜன்னல் எண்ணைக் கூட்டி, எதிராளியின் எண்ணைத் தொட்டால் அவருக்கு அடி. அவ்வளவுதான் ஆட்டம். இதற்காக நாற்பது வயது தாண்டியவர்கள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'ஞாயிற்றுக்கிழமை மதியம், நூலகத்தின் மாடியறையில், பகடைகள் உருளும் இனிய ஓசை'

வேண்டாம். எங்களுடையது தகர மேஜை. காது கிழியும்.

இரண்டாம் முயற்சி: 'என் நாத்தனார் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.'

இது நிற்கும். நாத்தனாரை ஓர் அண்ணி புகழ்ந்து எழுதினால் உள்குத்து எங்கே என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். தேடுங்கள். நகக்கண்ணில் கிரீஸோடு ஓடிவருவாள். டூல் பையிலிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்து உதறுவாள். உள்ளிருந்து குடைக்காரி வருவாள். ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு கிடைக்கும் சாதாரணப் பொம்மை, யாரும் சீந்தமாட்டார்கள். அவளிடம் ஒரே ஒரு வித்தை. பக்கத்துக் கட்டத்தில் நிற்பவருக்கு விழ வேண்டிய அடியைத் தன் குடையில் வாங்கிக்கொள்வாள்.

அதை வைத்துக்கொண்டு என் நாத்தனார் இந்த ஆண்டு பதினோரு ஆட்டம் ஜெயித்தாள். பல் டாக்டரின் எரிமலை மன்னனையே* சாய்த்தாள். டாக்டர் எழுந்து கை கொடுத்தார். அவர் அப்படி யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

* பட்டியலில் இரண்டாம் இடம். தீப்பிழம்பின் நுனி வரை வண்ணம் பூசியிருக்கிறார்கள், கண் எடுக்க முடியாது. பத்தாம் இடத்தில் இருக்கும் கண்ணாடி மனிதனும் அழகுதான், ஆனால் மேஜையில் இரண்டு முறை தொலைந்துபோனான். ஐந்தாம் இடம், மின்னல் தபால்காரன். என்னுடையவன். [அடித்துவிட்டேன். காரணம் கீழே.]

3

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலிடம் பெறும் பொம்மை மாடியறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். பூட்டு, சாவி, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. பிறகு அது ஆடவே முடியாது. பெரிய கௌரவம் என்கிறார்கள்.

நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, பட்டியல் நீங்கதான் எழுதுறீங்களாமே. முதல் எடம் மட்டும் குடுத்துடாதீங்க. அவ இல்லாம நான் என்னத்த ஆடுறது?"

"ஜெயிச்சவளுக்குக் குடுக்காம வேற யாருக்குடி குடுக்கிறது?"

"ரெண்டாவது எடம் குடுங்க, தாராளமா வாங்கிக்கிறேன்."

4

பட்டியலில் ஒவ்வொரு பொம்மைக்கும் அடி வாங்குவதற்கு முன் ஜன்னலில் தெரியும் தொடக்க எண்ணைப் போட வேண்டும். குடைக்காரியின் தாக்குதல் எண் பத்து என்று விளையாட்டுக் கையேடு சொல்கிறது. அதற்காகவே அவளிடம் வாங்கிவந்திருந்த பொம்மையின் ஜன்னலில் எட்டு. அச்சுப்பிழை என்று நினைத்துத் தட்டைக் கழற்றினேன். சக்கரத்தின் அடியில் 'மின்னல் தபால்காரன்' என்று பொடி எழுத்தில் இருந்தது.

ஜனவரியில் எங்கள் இருவர் பொம்மைகளையும் என் சமையலறை மேஜையில் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியது நான்தான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பதினாறு வருடத்தில் ஒருவர் லென்ஸை இன்னொருவர் ஃபிரேமில் போட்டதில்லை.

ஆக, அவள் பதினோரு ஆட்டம் ஜெயித்தது மட்டமான சக்கரத்தை வைத்து. நான் இந்த ஆண்டு ஐந்து ஆட்டம் ஜெயித்தது அவளுடைய சக்கரத்தை வைத்து. [இங்கே 'எனக்குத் தலை சுற்றியது' என்று எழுதியிருந்தேன். சுற்றவில்லை. இரண்டு பொம்மைகளையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன்.]

5

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். எந்த நட்டு எந்த ஓட்டைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு ஓர் ஆண்டாகத் தெரியாமலா இருக்கும்? நேரில் போய்க் கேட்டேன். ஏழு மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் இருந்தாள்.

"முதல் ஆட்டத்துலயே தெரியும் அண்ணி. ஜன்னல்ல எட்டுன்னு பளிச்சுனு இருந்துச்சே."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

அவள் ஸ்பேனரைத் துடைத்தாள். "போன வருஷம் நீங்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. இனிமே வரமாட்டேன்னு சொன்னீங்க. இந்த வருஷம் ஜெயிச்சதும் எழுந்து குதிச்சீங்க பாருங்க, நாற்காலியே சாஞ்சு விழுந்துச்சு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று பெருமையாக இருந்தது.

"பேசாம எனக்கு ரெண்டாவது எடத்தப் போட்டுட்டுச் சக்கரத்த மாத்தி வெச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

6

முடிவு அ: அவள் சொன்னபடியே செய்கிறேன். என் ஐந்து வெற்றிகளும் பத்திரமாக இருக்கும். அவள் எட்டை வைத்துக்கொண்டு ஜெயித்தது மட்டும் யாருக்கும் தெரியாமலே போகும்.

முடிவு ஆ: எல்லாவற்றையும் மலரில் எழுதிவிடுகிறேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும்

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பதால் நான் எதைச் செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியல் இருக்க வேண்டிய பக்கத்தில் இது இருக்கிறது. என் ஐந்து வெற்றிகளை நானே அடித்துவிட்டேன். அவளுடைய பதினொன்றை அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் மாறிய சக்கரத்தோடு ஆடிய ஆட்டம் செல்லாது என்பது நம் விதி. செல்லும் என்று சொல்ல சங்கக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்க வேண்டும்.

தூக்கினால், பதினோரு வெற்றிகளும் அவளுக்கு, முதலிடம் குடைக்காரிக்கு, குடைக்காரி கண்ணாடிப் பெட்டிக்கு. தூக்காவிட்டால் வெற்றிகள் போய்விடும், குடைக்காரி காலுறைக்குத் திரும்பிவிடுவாள். எது அவளுக்குச் செய்யும் மரியாதை என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். முடிவை நான் எழுதினால் ஒருபக்கமாகத்தான் எழுதுவேன், அவள் என் நாத்தனார்.

கூட்டம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. அவள் நாலு மணிக்குத்தான் வருவாளாம், எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. மலரை அவள் இன்னும் பார்க்கவில்லை. குடைக்காரியை, எட்டு காட்டும் சக்கரத்தோடு அப்படியே, மாடியறை மேஜை நடுவில் வைத்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.