பச்சை இறகு

யோஃப் கடற்கரையில் தூண்டில் கடைக்குப் போய், முள்ளில் கட்டின இறகின் நிறத்தைப் பற்றி உண்மை பேசுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. சிவப்பு இறகுக்கு மீன் கடிக்கிறதென்றால், மஞ்சள் இருக்கிறதா என்று கடை அதிரக் கேட்பான். சிவப்பைக் கண்ணால் மட்டும் காட்டுவான். கடைக்காரனும் "மஞ்சளா, இந்தா" என்று கத்திக்கொண்டே சிவப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பான். மீன் கடிக்கும் நிறத்தைக் கரையில் வாய்விட்டுச் சொன்னால் அந்த நிறம் செத்துவிடும் என்று நம்பிக்கை. கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

அதனால்தான் சொக்னா அன்று காலை கடைக்கு யோசித்து யோசித்து நடந்தாள். "பச்சை இறகு ஒண்ணு வாங்கிட்டு வா. சத்தமா கேளு" என்று புருஷன் மசாம்பா சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வாயில் பச்சையைத் தவிர வேறு நிறம் வந்ததில்லை. அப்படியானால் என்ன நிறமாக இருந்தாலும் அது பச்சை மட்டும் இல்லை என்பது சொக்னாவுக்குத் தெரியும்.

மசாம்பாவுக்குப் பார்வை போய்விட்டது. ஒரு காலத்தில் அவர் படகு கரையேறினால் வஞ்சிரம் வாங்க டக்கார் நகரத்திலிருந்து ஆள் வந்து நிற்கும். தலைமேல் பாத்திரத்தோடு சொக்னா தண்ணீரில் இடுப்பளவு இறங்கிப் போவாள். அவர் படகின் மூக்கில், அணியத்தில் நின்றுகொண்டு ராஜா மாதிரி மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். இப்போது சாயங்காலமானால் யாராவது ஒரு பையன் பாவம் பார்த்து வாசலில் ஒரு மீனை வைத்துவிட்டுப் போகிறான். அவர் நன்றி சொல்வார், அந்த மீனைத் தொடமாட்டார். சோற்றை மட்டும் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். 

மருமகன் முறையுள்ள இசா அன்று விடியும்போதே வந்து, "மாமா, நாளைக்கு எங்ககூட வாங்க, ஒரு தூண்டில் கயிறு உங்களுக்கு" என்று கூப்பிட்டிருந்தான். மசாம்பா சின்னப்பிள்ளை மாதிரி குளித்து முடித்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "வெறுங்கையோட வந்தேன்னா அப்புறம் கரைப்பக்கமே போகமாட்டேன் சொக்னா" என்றார். சொன்னால் சொன்னதுதான், அந்த ஆளை அவளுக்குத் தெரியும்.

அலசான் ஜோப்பின் தூண்டில் கடையில் இரண்டு இளந்தாரிகள் நைலான் நரம்பு பார்க்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாக இறகுகள் தொங்கின: மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை, எல்லாவற்றையும்விட அதிகமாகப் பச்சை.

"வா மதினி. ஞாய் வீட்டுச் சோத்துமூட்டை எப்படி இருக்கான்?" என்றான் அலசான். மசாம்பாவின் ஞாய் குடும்பத்தாரும் அலசானின் ஜோப் குடும்பத்தாரும் கண்ட இடத்தில் ஒருவரை ஒருவர் கேலியாக வாரிக்கொள்ளலாம் என்பது ஊர் வழக்கம்; கோபித்துக்கொண்டால்தான் தப்பு.

"உன் சோத்தையும் சேர்த்துத் தின்னுட்டு நல்லா இருக்காரு" என்றாள் சொக்னா. பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பச்சை இறகு ஒண்ணு குடு!"

இளந்தாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பச்சையை வாங்கிக்கொண்டு நழுவினார்கள்.

சொக்னா கல்லாப்பக்கம் குனிந்தாள். "அலசான், விளையாட்டை விடு. அவர் முன்னெல்லாம் கண்ணால எந்த நிறத்தைக் காட்டி வாங்குவாரு? நாளைக்கு அவர் கடலுக்குப் போறாரு."

அலசான் சிரிப்பை நிறுத்தினான். "அதுதான் மதினி வேடிக்கை. எல்லாரும் ஒண்ணு சொல்லிட்டு வேற வாங்குவாங்க. உன் புருஷன் பச்சைன்னு சொல்லிட்டு பச்சையேதான் வாங்குவான். ஊர்ல ஒருத்தனும் அதை நம்பலை, அப்புறம் அவன் மீனைப் பார்த்துட்டு எல்லாரும் நம்பி, பச்சையா வாங்கித் தள்ளினாங்க. அவன் புண்ணியத்துலதான் இந்தக் கடைக்குக் கூரை போட்டேன்."

"அப்ப பச்சைதானா?"

"இரு. கடைக்குப் பின்னாடி என் கோழிங்க மேயுற இடத்துல எப்பவும் பச்சை இறகு கிடக்கும். இங்க வாங்குவான், அங்க போய் இறகைப் பிச்சு எறிவான். ஈயத் தலையும் முள்ளும் மட்டும்தான் படகுக்குப் போகும்."

"அதுல என்ன கட்டுவாரு?"

அலசான் தயங்கினான். "கோவிச்சுக்காதே மதினி. ஒரு நாள் அவன் பையிலிருந்து துணி எட்டிப் பார்த்துச்சு. பொம்பளைத் துணி. வெள்ளிச் சரிகை மின்னுது. நிறம்..." அவன் வாயால் சொல்லவில்லை, அவள் கூடையிலிருந்த வெங்காயத்தைத் தொட்டுக் காட்டினான். "எங்கேயோ ஒருத்தியை வெச்சிருக்கான்னு நினைச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை காலம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

சொக்னா அந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். ருஃபிஸ்க் ஊரிலிருந்து மணப்பெண்ணாக யோஃபுக்கு வந்த அன்று அவள் தலையில் கட்டியிருந்த துணி அது. விசேஷத்துக்கு மட்டும் வெளியே எடுப்பாள். எடுக்கும்போதெல்லாம் ஒரு ஓரம் குறைந்திருக்கும். எலி கடித்துவிட்டது என்று வீட்டையே புரட்டிப் போடுவாள். மசாம்பாவும் கூடச் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து எலி தேடுவார். கடைசியில் அவரே ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார்.

"அது என் தலைத்துணி. எலி கடிக்குதுன்னு அதுக்காகப் பூனை வளர்த்தோம் அலசான்" என்றாள்.

"எந்தப் பூனை? அந்தத் தடியன் 'ஜோப்'னு பேர் வெச்சுக் கூப்பிட்டானே, அதுவா?" அலசான் எழுந்து நின்றுவிட்டான். "ஒரு எலிகூடப் பிடிக்கலை, ஜோப்புன்னாலே சோம்பேறின்னு ஊர் முழுக்கச் சொன்னானே! இல்லாத எலியை எங்கேருந்து பிடிக்கும் அது? செத்தும் போச்சு, பழியைச் சுமந்துக்கிட்டே!"

சொக்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தோள்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பச்சை இறகோடு வீட்டுக்கு நடந்தாள்.

பூனை செத்தபிறகு அவள் அந்தத் துணி வைத்த தகரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தாள்; சாவி இடுப்பில். பாவம், அவருக்கு இப்போது பச்சையை விட்டால் வேறு கதியில்லை. துணியைக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது பெட்டியைத் திறந்தாள். பாதித் துணிதான் மிச்சம். ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எலிப் பல் இப்படி நேர்கோடாகக் கடிக்காது, அதைக்கூடப் பார்க்காத கழுதையாக இருந்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முதல் குழந்தையின் பெயர்சூட்டு, தம்பி கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தத் துணி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஊரெல்லாம் வியந்த மீன்கள் அத்தனையும் இவள் தலைத்துணிக்கு வாய் திறந்தவைதான். அப்படி நினைத்தபோது அவளுக்குக் கோபமே வரவில்லை.

கத்தரிக்கோலை எடுத்து ஓர் அகலத் துண்டு வெட்டினாள்.  பச்சை இறகைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஈயத்தின் கழுத்தில் துணியை வைத்து நூலால் இறுக்கிச் சுற்றி, நுனியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துவிட்டாள்.

விடியற்காலையில் கரையில் வைத்து அவர் கையில் அதைக் கொடுத்தாள். மசாம்பா வழக்கம்போல முள்ளின் கூர்மையைத் தடவினார். விரல் துணிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. சரிகையை ஒருமுறை, மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"வீட்டுல இன்னும் எலி இருக்குதா சொக்னா?" என்றார் கடைசியில்.

"இருக்கு. ஒரு கிழட்டு எலி."

 இசா அவர் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான். அன்று பூராவும் சொக்னா அடுப்புப் பக்கம் போகவேயில்லை. கரையில் உட்கார்ந்து, வருகிற படகுகளுக்கெல்லாம் எழுந்து எழுந்து நின்றாள். பச்சையைக் கட்டிக்கொண்டு போன இளந்தாரிகள் வெறும் படகோடு திரும்பினார்கள்.

வெயில் தாழ்ந்தபோது இசாவின் படகு வந்தது. அணியத்தில் மசாம்பா நின்றிருந்தார். கைகொள்ளாத வஞ்சிரம் ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "மாமா பிடிச்சது! நாங்க யாரும் கை வைக்கலை!" என்று இசா கடலிலிருந்தே கத்தினான். சொக்னா பாத்திரத்தை மறந்துவிட்டு அப்படியே தண்ணீரில் இறங்கினாள்.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. "என்ன நிறம் மாமா? என்ன நிறம்?"

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே. அவளைக் கேளுங்க."

"பச்சை!" என்றாள் சொக்னா, கரை முழுக்கக் கேட்கும்படி.

கடை வாசலில் நின்றிருந்த அலசான் தலையில் அடித்துக்கொண்டு, இன்னொரு பச்சைக் கட்டைப் பிரிக்க உள்ளே போனான்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மசாம்பா வீட்டுக்கு நடந்தார். மீனை யாரிடமும் கொடுக்கவில்லை, தானே சுமந்தார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"நீ கல்யாணத்துக்கு வந்து இறங்கினப்போ நான் அந்தக் கோடியில படகுல நின்னுக்கிட்டிருந்தேன். மூஞ்சி தெரியலை. தலையில அது மட்டும்தான் தெரிஞ்சது. அங்கேயே மாட்டிக்கிட்டேன். நானே மாட்டிக்கிட்டேன், மீன் எம்மாத்திரம்னு நினைச்சேன். அந்த நிறம் இருக்கே, அந்த..."

சொக்னா அவசரமாக அவர் வாயைப் பொத்தினாள். கண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"கரையில சொல்லாதீங்க" என்றாள். "இன்னும் பாதித் துணி இருக்கு."