ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கேள்வி

காலையிலிருந்தே அவளுக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. மூட்டை தூக்கி வந்த வலி அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து திரையை முறைத்து வந்த வலி. அவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அதே கிடங்கில் மூட்டை தூக்குகிற சித்தப்பாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று வாயைத் திறக்கவில்லை.

லாரியில் ஏற்ற வேண்டிய சரக்கின் பட்டியல் திரையில் வந்தால்தான் ஆட்கள் கை வைக்க முடியும். கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று. சும்மா நிற்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. இதுவரை பட்டியலைத் தந்தது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்த ஸ்டோர்டு புரொசீஜர் என்ற நிரல். எழுதியவர் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவர்; யாரையும் உள்ளே விடாததால் அவருக்குப் பட்டப்பெயர் பூட்டு. அதை வேறு யாராலும் படித்துத் திருத்த முடியவில்லை என்று அவள் டேட்டாபேஸுக்கு வெளியே, அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தானே எழுதிக்கொள்கிற வெப் ஃபிரேம்வொர்க்கில் புதிதாக எழுதினாள். நேற்று ஓடவிட்டதும் திரை சுற்றிக்கொண்டே கிடந்தது.

நேற்றே கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "என் கோட்ல ஒண்ணுமில்ல. அவர் டேட்டாபேஸ்தான் படுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டாள். இன்று மதியத்துக்குள் சரியாகாவிட்டால் பழையதே வரும், அவள் மாதக்கணக்கில் எழுதியது குப்பைக்குப் போகும் என்றார் மேலாளர்.

சித்தப்பா ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னம்மா, உன் பொட்டி இன்னும் பல்லு விளக்குதா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா."

"நாங்க இருக்கோம். வயிறுதான் இருக்க மாட்டேங்குது."

அப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்து, ஃபிரேம்வொர்க் டேட்டாபேஸிடம் என்னதான் கேட்கிறது என்று திறந்து பார்த்தாள். ஒரே கேள்வி எறும்புச் சாரையாக ஊர்ந்தது. பட்டியலை வாங்கிய பிறகு, இந்த மூட்டை எந்த அடுக்கில், அடுத்த மூட்டை எந்த அடுக்கில் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. உப்புக்கு ஒரு நடை, சோப்புக்கு ஒரு நடை என்று கடைக்கு ஓடுகிறவன் பிழைப்பு. அவள் நாலைந்து மூட்டையை வைத்துச் சோதித்ததில் இது தெரியாமலே போயிருந்தது. டேட்டாபேஸ் பாவம், கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொல்லியிருக்கிறது.

அடுக்கு விவரத்தையும் பட்டியலோடு சேர்த்தே வாங்கு என்று ஒரு வரி எழுதினாள். கையை எடுப்பதற்குள் திரை நிரம்பியது. வெளியே தள்ளுவண்டிகள் கடகடத்தன.

"முழிச்சிருச்சுடா, வாங்க" என்று சித்தப்பா கத்தினார். அவளுக்கு மூச்சு முழுசாக இறங்கியது. முதுகுகூடக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

பூட்டு வந்து எட்டிப் பார்த்தார். "என்னுது இன்னும் கொஞ்சம் வேகம்தான்."

"ஆமாண்ணே. ஆனா அதுல உங்களத் தவிர யாரும் கை வைக்க முடியாதே."

"அதுவும் சரிதான். மாசக் கணக்குக்காவது என்னுது இருக்கட்டும். அதுக்கு மொத்த சரக்கையும் ஒரே மூச்சுல மென்னு முழுங்கணும்."

"இருக்கட்டும்ணே."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார், நேற்றைய பேச்சை எடுக்காமலே. தனியாகக் கூப்பிட்டு முணுமுணுத்தால் தீராது. படுத்துக்கொண்டது அவர் டேட்டாபேஸ் அல்ல, என் கோட் என்று அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் அவள் அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.