ஏழாம் நம்பர் குப்பி

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிற ரகம் இல்லை நான். அதனால்தான் ஏழாம் நம்பர் குப்பியின் முடிவைப் பார்த்ததும் என் கண் நேரே ஊமைக்கோட்டான் மேல் போனது.

ஊமைக்கோட்டான் எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தின் டெக்னீஷியன். பேர் நான் வைத்தது. கேட்ட கேள்விக்கு அரைப் பதில்தான் வரும், அதுவும் தரையைப் பார்த்து.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் எங்கே தொடங்குகிறது என்று மூன்று வருஷமாகத் தேடுகிறேன். நோயாளிகளின் செல்லில் ஒரு மரபணு பழுதாகியிருக்கும். நோயில்லாதவர்களிடம் அது சுத்தமாக இருக்கும். என் மொத்த உழைப்பும் இந்த ஒரு வரிதான். ஆனால் நோயில்லாதவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? நூல் கட்டிய பஞ்சு மாத்திரையை விழுங்கிவிட்டு, உணவுக்குழாயின் செல் அதில் ஒட்டி வரும்படி அதைத் தொண்டை வழியாக வெளியே இழுக்க எவன் சம்மதிப்பான்? அதனால் நாங்களும் எங்கள் வீட்டாரும்தான் பலியாடுகள். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்துக்கொண்டே விழுங்கினார். பத்துப் பேர், பத்துக் குப்பி. பேர் கிடையாது, நம்பர் மட்டும். யார் எந்த நம்பர் என்பது ஊமைக்கோட்டான் பூட்டி வைத்திருக்கும் நோட்டில் இருக்கும். நான் பார்க்கக் கூடாது, பார்த்தால் முடிவில் என் ஆசையும் கலந்துவிடும்.

ஒன்பது சுத்தம். ஏழு மட்டும் பழுது. நோயாளியின் குப்பி கைமாறிக் கலந்திருக்கிறது, வேறென்ன? கட்டுரை அனுப்ப இன்னும் இரண்டே வாரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவன் மட்டும் ஃப்ரீசரைத் திறந்தான். என்னைக் கண்டதும் கையிலிருந்ததைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். மெஷினில் பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஏழாம் நம்பரை எனக்குத் தெரியாமல் மூன்று தடவை ஓட்டியிருக்கிறான்.

கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். குப்பியை மாற்றிவிட்டு மறைக்கப் பார்க்கிறாயா, வேலை போய்விடும் என்றேன். தரையையே பார்த்துக்கொண்டு நின்றவன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"நான் மாத்தலை மேடம். மாறியிருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் மூணு தடவை பாத்தேன்."

நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தான். ஏழுக்கு நேராக என் வீட்டு விலாசம் இருந்தது.

"சாரோடது" என்றான்.

வீட்டுக்குப் போனபோது அவர் ரொட்டியை டீயில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக அப்படித்தான் சாப்பிடுகிறார். பல்லுப்போன கிழவன் மாதிரி என்று கிண்டல் செய்ததும் நான்தான். அடுத்தவன் கையையெல்லாம் சந்தேகப்பட்ட பாவி, இந்தத் தட்டை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

எதிரில் உட்கார்ந்தேன். "முழுங்கும்போது அடைக்குதா?"

ரொட்டி கைநழுவி டீக்குள் விழுந்தது. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கட்டுரையை நீ அனுப்பினதும் சொல்லலாம்னு இருந்தேன்."