பன்னிரண்டாவது கேள்வி

இன்பத்துக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். ராணுவத்துக்கு ரேடார் செய்யும் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அந்த வருஷம், அதாவது தொண்ணூறில், அவள் வகுப்பிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. பையன்கள் இரண்டு பேர், இவள் ஒருத்தி. ராஜபாளையத்து மில்லில் இருபது வருஷமாக நூல் சுற்றும் ஜெயபாயின் மகள். தெருவே அவளைக் கொண்டாடித் தீர்த்துவிட்டது. பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான்.

இப்படிப்பட்ட வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஐயாதுரை சார் லேபில் தனி வகுப்பு எடுப்பார். விமானப்படையில் பத்து வருஷம் ரேடார் பார்த்துவிட்டு வாத்தியாராக வந்தவர். கருவி காட்டும் ரீடிங்கை மையால்தான் எழுத வேண்டும் என்பார். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலேயே திருத்தவும் கூடாது. ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து.

"உங்க தப்பு அடுத்தவன் கண்ணுக்குத் தெரியணும். தெரியாட்டி அதை நம்பி அவன் பீரங்கியத் திருப்பிருவான்."

அன்றைக்கு ஜூனியர் பிள்ளைகளுக்காக விசாரணைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"பன்னிரண்டாவது கேள்வியப் பாருங்க. எப்பவாவது கைதானது உண்டா, காவலில் வைக்கப்பட்டது உண்டா? கேஸ் இல்லியேன்னு நெனச்சுராதீங்க. போலீஸ் வேன்ல ஏத்தி ஒரு மணி நேரம் உக்கார வச்சாலும் காவல் காவல்தான். மறைச்சது தெரிஞ்சா வேலையில சேர்ந்த பொறவும் வெளிய தள்ளிருவாங்க."

இன்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதியதில்லை. ஞாபகமே வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் போனஸ் தகராறில் மில்லைப் பூட்டியபோது, பொம்பளைகள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போன இன்பத்தையும் தூக்குவாளியோடு சேர்த்து வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அறுபத்து மூன்று பேர். வரிசையாகப் பேர் எழுதினார்கள், உப்புமா போட்டார்கள், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதை யாராவது கைது என்று நினைப்பார்களா?

கல்லூரி பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது இன்பம் எழுந்துவிட்டாள். போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் யாரிடம், என்னவென்று? கண்டக்டர், "இறங்குதியாம்மா?" என்றார். உட்கார்ந்துவிட்டாள். பஸ் ராஜபாளையம் போய்ச் சேரும்வரை அந்த 'இல்லை' கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

வீட்டில் ஜெயபாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, அது காவலா? கல்யாண மண்டபம்ட்டி."

"போலீஸ் வேன்லதானம்மா கூட்டிட்டுப் போனாங்க?"

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள், அவளும் அதே மில்தான், வாசல்படியில் நின்றபடியே சேர்ந்துகொண்டாள். "நான் அன்னைக்கு ரெண்டு தட்டு வாங்கித் தின்னேன். ஜெயில்ல அப்படிக் குடுப்பானா?"

"அத்தை, வெளையாடாதீங்க. லிஸ்ட்டைப் பாத்தாங்கன்னா தெரிஞ்சு போகும்."

ஜெயபாய் குரலைத் தாழ்த்தினாள். "லிஸ்ட்ல உன் பேரே கெடையாது. படிக்கிற பிள்ளையாச்சேன்னு நான்தான் ஜெயக்கொடின்னு சொல்லி வச்சேன்."

"யாரும்மா ஜெயக்கொடி?"

"யாரு கண்டா? வாயில வந்துச்சு."

இன்பத்துக்கு மூச்சு வந்தது. அப்படியானால் ஒரு காகிதமும் அவளைக் காட்டிக்கொடுக்காது. அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிறவரைதான் நின்றது. நாளைக்கு ரேடார் முன்னால் உட்காரப் போகிறவள், முதல் ரீடிங்கையே தப்பாக எழுதிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று பக்கத்தைப் புரட்டுவதா?

"நான் சொல்லிரப் போறேம்மா" என்றாள்.

ஜெயபாயின் முகம் கறுத்துவிட்டது. "இருவது வருஷமாப் பஞ்சைத் தின்னு இருமிக்கிட்டுக் கெடக்கேன். எதுக்கு? நீ வாயைத் திறந்து கெடுத்துக்கிடவா?" முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஏட்டு ராக்கப்பன் வந்தார். விசாரணைப் பிரிவுக்காரர். காக்கி இல்லை, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல். நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா குடித்தார். தெருவில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எல்லாரும் நல்ல பிள்ளைன்னுதான் சொல்லுதாங்க. ஸ்டேஷன் ரிக்கார்டும் பாத்துட்டேன். அந்த மில் மறியல்ல உங்க பேரு இருக்கு ஜெயபாயம்மா. அது பரவால்ல, பிள்ளை பேரு இல்ல." படிவத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "வேற சொல்ல வேண்டியது ஏதும் உண்டா, பாப்பா?"

எல்லோரிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்விதான். ஆவுடையம்மாள் சன்னலுக்கு வெளியே நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. ஜெயபாய் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"உண்டு ஏட்டையா" என்றாள் இன்பம். "அன்னைக்கு மண்டபத்துல நானும் இருந்தேன். வேற பேருல. பன்னிரண்டாவது கேள்வியத் திருத்தித் தரேன்."

ஏட்டு கிளாசைக் கீழே வைத்தார். "சர்க்கார் தாளும்மா. அதுல கை வைக்க முடியாது." ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னது என் காதுல விழலேன்னு வச்சுக்கிடுதேன். போயிரட்டுமா?"

நல்ல மனுஷன் திறந்துவிட்ட வழி அது. இன்பம் அதில் போகவில்லை. "வேண்டாம் ஏட்டையா."

"என்ன பேருல இருந்த?"

இன்பம் அம்மாவைக் காட்டிக்கொடுக்க முடியாமல் நின்றாள். அப்போது ஜெயபாய் முன்னால் வந்தாள். "ஜெயக்கொடின்னு சொன்னது நான். பொய்யி என்னோடது. அவளோடது இல்ல."

"பொய்ப் பேரு குடுத்தேன்னு போலீசுகிட்டேயே சொல்லுதீயளே!"

"கேஸ் போடுவீயளா?"

"போடணும்னா பெரிய கேஸுல்லா போடணும்? அந்த லிஸ்ட்ல மில் மேனேஜர் சம்சாரம் பேரு மட்டும் ஒம்பது தடவ இருக்கு."

சன்னலில் இருந்த ஆவுடையம்மாளின் தலையைக் காணவில்லை.

ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நடந்ததை எழுது. மேல அனுப்புதேன். வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்குத் தெரியாது. இருந்ததும் போனாலும் போகும். யோசிச்சுக்கோ."

இன்பம் எழுதினாள். எழுதுகிற வேகத்தில் எண்பத்தேழு என்பதற்குப் பதில் எண்பத்தாறு என்று விழுந்துவிட்டது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டாள். ஏட்டு குனிந்து பார்த்தார். "எங்க ஸ்டேஷன்ல பிளேடு வச்சுல்லா சுரண்டுவாங்க" என்றார்.

ஜூன் பிறந்ததும் பையன்கள் இரண்டு பேருக்கும் உத்தரவு வந்தது. பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்பத்துக்கு ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். ஜெயபாய் சாப்பாடு போட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், பேச்சு மட்டும் இல்லை. கொண்டாடின தெரு இப்போது, "என்னைக்குப் போறா உங்க மக?" என்று கேட்டது.

ஜூலை மூன்றாம் வாரம் கவர் வந்தது. வேலையில் சேரச் சொல்லித்தான். ஐயாதுரை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். "விசாரிச்சு முடிக்க நாளாயிருக்கு. சேர்ற தேதி பிந்திப் போச்சு. சீனியாரிட்டியில நீ அந்த ரெண்டு பேருக்கும் கீழதான்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னாள். ஜெயபாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பயலுகளுக்குக் கீழயா? எத்தன நாளைக்கு?"

"ரிட்டயர் ஆகுறவரைக்கும்."

"ஒரு தட்டு உப்புமாவுக்கு அம்புட்டு விலையா?" என்றாள் ஜெயபாய். இரண்டு மாசத்துக்குப் பிறகு அவள் கேலியாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அதைக் கேட்ட பிறகுதான் இன்பத்துக்கு அழுகை வந்தது.

"அழாதட்டி. அங்க குளிருமாம், ஸ்வெட்டர் எடுக்கணும். ஆமா, என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"வெளிய சொல்லக் கூடாதும்மா."

"அதுக்கென்ன, நான் ஏதாவது சொல்லிக்கிடுதேன்."

"எம்மா!" இன்பம் அழுகையோடு சிரித்துவிட்டாள். "தயவு பண்ணி நீ மட்டும் ஒண்ணும் சொல்லாதே."