நண்டு தெரியக்கூடாது

சத்யாவின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடியவிருந்தது. வேலை நிரந்தரமாக ஒரே நிபந்தனை. அன்று எல்லாச் சோதனைகளும் பச்சையாக இருக்க வேண்டும்.

அலுவலகம் பொன்னேரியில், ஒரு இனிப்புக் கடையின் மாடியில். அங்கே எழுதப்பட்ட நிரல் எளிமையானது. பைத்தான் ஷெல்லின் கறுப்புத் திரையில் ஒரு நண்டின் எண்ணைத் தட்டினால், கீழே அந்த நண்டின் படம் தெரிய வேண்டும். ஏரி நண்டுகளை ஆராயும் ஜமுனா அதைக் கேட்டிருந்தார். நிரலை எழுதியவர் சத்யாவின் மேலாளர் சுரேஷ். அதைச் சரிபார்க்கும் நாற்பத்திரண்டு சோதனைகளை எழுதியவரும் சுரேஷ். நாற்பத்திரண்டும் பச்சை, அதாவது தேர்ச்சி.

சத்யா அவற்றைப் படித்தாள். படம் காட்டும் பகுதியைக் கூப்பிட்டாயிற்றா என்று அவை பார்த்தன. கூப்பிட்டதும் படம் வந்ததா என்று பார்க்கவில்லை. சோதனைக்கு வைத்த படமும் நண்டு அல்ல. சுரேஷ் தயாரித்த ஒற்றைப் புள்ளி.

ஜமுனா அனுப்பிய நிஜ நண்டை வைத்து அவள் நாற்பத்து மூன்றாவதை எழுதினாள். சிவப்பு.

காரணம் அற்பமானது. ஜமுனாவின் கேமரா, படக் கோப்பின் பெயர் முடிவில் ஜேபிஜி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடும். நிரலுக்குச் சின்ன எழுத்து மட்டும்தான் தெரியும். தெரியாததைக் கண்டால் கோப்பின் பெயரை மட்டும் திரையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

"சத்யா, சும்மா படம் காட்டாத," என்றார் சுரேஷ்.

"அதான் சார் காட்ட மாட்டேங்குது. ஒரு வரி மாத்தினா போதும்."

"வெள்ளிக்கிழமை டெமோ. ஓடுற புரோகிராம்ல கை வெக்கக் கூடாது. டெஸ்டை மாத்து."

"டெஸ்ட்ல இன்னா சார் மாத்தறது?"

"படம் வரணும்னு எழுதியிருக்க இல்ல? வரக்கூடாதுன்னு எழுது. வரலன்னா பச்சை. சரியா வரும்."

சரியாக வந்தது.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனபோது அம்மா முனியம்மாள் பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள, பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப் பை அது.

"வேல நெலச்சுதாடி?"

"பச்சையாயிடுச்சு. படம் தெரியலன்னா பச்சைன்னு மாத்திட்டேன்."

முனியம்மாள் கழுவுவதை நிறுத்தினாள்.

"இதுக்கா தெனம் ரெண்டு பஸ் மாறிப் போற? காலிப் பறிய கவ்வினு கரையேறி, இறா இல்லாததுதான் சரின்னு நான் சொன்னா, பக்கத்துல தடவுறவளுங்க தண்ணியிலயே வெச்சு அமுக்கிடுவாளுங்க."

"ஆபீஸ்ல தண்ணி இல்லம்மா."

"அதான் பொழைக்கிறானுங்க."

வெள்ளிக்கிழமை ஜமுனா வந்தார். தானே உட்கார்ந்து ஏழாம் நண்டைத் தட்டினார். திரையில் கோப்பின் பெயர் வந்தது.

"நண்டு எங்க?"

"பேரு வந்துடுச்சே மேடம்," என்றார் சுரேஷ்.

"பேரு எனக்குத் தெரியும். நான்தான் வெச்சேன்."

"நாப்பத்தி மூணு டெஸ்டும் பாஸ் மேடம்."

ஜமுனா சத்யாவின் பக்கம் திரும்பினார்.

"நண்டு வர இன்னாம்மா பண்ணணும்?"

சத்யா சுரேஷைப் பார்த்தாள். சுரேஷ் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒரு வரி மேடம்," என்றாள். மாற்றினாள்.

கறுப்புத் திரையில் நீலக்கால் நண்டு ஒன்று கொடுக்கை விரித்தபடி தெரிந்தது. ஜமுனா இன்னும் இருபது நண்டுகளைத் தட்டிப் பார்த்தார். இருபதும் வந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நிரலில் ஒரு வரி மாறினாலும் எல்லாச் சோதனைகளும் தாமாகவே மறுபடி ஓடும். ஓடின. நாற்பத்திரண்டு பச்சை. ஒன்று சிவப்பு.

"ஒண்ணு ஃபெயிலா இருக்கேம்மா," என்றார் சுரேஷ். வருத்தமாகத்தான் சொன்னார்.

"படம் வருது சார். அதனாலதான்."

"எனக்குப் புரியுது. ஆனா எல்லாம் பச்சையா இருக்கணும்னு இல்ல ரூலு?"

"டெஸ்டைத் திருப்பி மாத்திடறேன் சார். ரெண்டு நிமிஷம்."

"கஸ்டமர் கையெழுத்து போட்டப்புறம் டெஸ்ட்ல கை வெக்கக் கூடாது. அதுவும் ரூலு."

தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. வீட்டுக்குப் போகும் பழவேற்காட்டு பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டிய பிறகு சத்யா அந்த நீட்டிப்புக் கடிதத்தைப் பிரித்தாள். தோல்விக்கான காரணம் என்ற இடத்தைச் சோதனையே நிரப்பியிருந்தது.

நண்டு தெரிந்தது.