வெளுத்த படை

அவன் ஒட்டுவான், அவள் பூசுவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் வேலைப் பிரிவினை அதுதான். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கை, கால், தலை, ஈட்டி என்று வெட்டியெடுத்து, பிசிறு சீவி, பசை வைத்து, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை வீரனை நிற்க வைப்பது அவன் பாடு. அந்த வீரனுக்கு முகம் கொடுப்பது அவள் பாடு. பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் அட்டை மலைகளைப் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

வாங்குவதில் அவனுக்குக் கட்டுப்பாடே கிடையாது. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டிகள் குவிந்து கிடந்தன. "வாங்குறது உன் வியாதி. பூசுறது என் தலையெழுத்து" என்பாள்.

அவள் செத்துப்போன பிறகு அவன் எதையும் வாங்கவில்லை, எதையும் ஒட்டவில்லை. கிடங்கு அலுவலகத்துக்குப் போனான், வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டவர்களிடம் சாப்பிட்டேன் என்றான். அவள் கடைசியாகப் பூசி முடித்த பனிமலைக் காவலர் படை அலமாரியின் மேல்தட்டில் அணிவகுத்து நின்றது. தூசி தட்டக்கூட அவன் அதில் கை வைக்கவில்லை.

அந்தப் படையை வைத்துச் சங்கத்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடுகிற கூட்டத்துக்குத்தான் சங்கம் என்று பெயர். அங்கே எல்லோரையும்விட நன்றாகப் பூசுகிறவர் ஒரு பல் டாக்டர். எதற்கெடுத்தாலும் விளையாட்டோடு வரும் கதைப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார். அதனால் அவருக்குப் 'புத்தகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. புத்தகத்தில் பனிமலைக்காரர்கள் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக இருந்தார்கள். அவள் பூசியவர்களோ அவளுடைய சொந்தக்காரர்களின் நிறத்தில் இருந்தார்கள். அதிலும் எல்லோருக்கும் ஒரே நிறம் இல்லை. ஒருவன் ஈரமண் நிறம், இன்னொருத்தி செங்கல்லில் கொஞ்சம் கரி கலந்த நிறம். பாதிப் பேரின் தாடியை அவனைச் சீவச்சொல்லிப் பெண்களாக்கியிருந்தாள்.

"பனியில இருக்கிறவங்க எப்படிம்மா இந்த நிறத்துல இருப்பாங்க? நம்புற மாதிரி இருக்க வேணாமா?" என்று புத்தகம் ஒருமுறை கேட்டார்.

"உங்க படையில பன்னி ஈட்டி பிடிச்சுட்டு நிக்குது டாக்டர். பாம்பு கவசம் போட்டுட்டுப் பேசுது. அதெல்லாம் நம்பிட்டீங்க. எங்க சித்தப்பா மலை ஏறினா மட்டும் நம்ப முடியலையா?"

பின்னறையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

போன வாரம் மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, வண்டிப் பட்டறையில் வேலை. வந்தவன் நேராக அலமாரியைப் பார்த்தபடி நின்றான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை சங்கத்துல பெரிய ஆட்டம். அக்கா படையை நான் ஆடட்டுமா?"

"எடுத்துட்டுப் போ."

"கோவமா சொல்றீங்களா?"

"எடுத்துட்டுப் போன்னுதானே சொன்னேன்."

"ஆனா மேல வார்னிஷ் அடிக்கலையே. ஊர்ப்பட்ட கை படும். பெயிண்ட் உரிஞ்சிடும்."

வார்னிஷும் அவள் வேலைதான். பிரஷால் ஒவ்வொன்றாகப் பூசுவாள். அதற்கெல்லாம் அவனுக்குத் தெம்பு இல்லை. ஸ்ப்ரே டப்பா ஒன்று வீட்டில் கிடந்தது. சனிக்கிழமை காலையில் படையை அட்டையில் அடுக்கி பால்கனியில் வைத்து, டப்பாவைக் குலுக்கி, ஒரே வீச்சாக அடித்தான். ராத்திரி பெய்த மழையில் கொடியில் கிடந்த துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் அடிக்கக் கூடாது என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவன் படிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

எழுந்து வந்து பார்த்தபோது படை முழுக்க மாவு தூவினாற்போல் வெளுத்திருந்தது. சிவப்பு அங்கிகள் மங்கியிருந்தன. முகங்கள்தான் மோசம். கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

அழுகை வரவில்லை. வர வேண்டிய அன்றைக்கே வராதது இப்போதா வரப்போகிறது.

மச்சானுக்குப் போன் செய்துவிட்டு, பஞ்சு வைத்த பெட்டியில் படையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். மச்சான் வாசலில் காத்திருந்தான். பின்னறையில் புத்தகம் மட்டும் இருந்தார். ஒரு வீரனை விளக்குக்குக் கீழே பிடித்து, வாயைத் திற என்று சொல்லப்போகிறவர்போல் உற்றுப் பார்த்தார்.

"ஈரக் காத்துல அடிச்சிட்டீங்க. வார்னிஷ் வெள்ளையா பூத்துப் போச்சு."

"சரியாகுமா?"

"பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ல பூசினா சில சமயம் தெளியும். உத்தரவாதம் கிடையாது. பேசாம எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. எல்லாத்தையும் ஊறப்போட்டு, அடிவரைக்கும் உரிச்சிட்டு, புதுசா பூசித் தர்றேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல."

மனசாரத்தான் சொன்னார். அவரைவிட நன்றாகப் பூச அந்த ஊரில் ஆள் இல்லை. உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதைக் கேட்டதும் அவனுக்கு உட்கார நாற்காலி கிடைத்தாற்போல் இருந்தது. பெட்டியை அவர் பக்கம் தள்ளினான். மச்சான் பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இறுக்கத்தைக் குறைக்க நினைத்தாரோ என்னவோ, புத்தகம் அந்த வீரனைத் திருப்பிக் காட்டினார். "கூத்தைப் பாருங்க. இப்பத்தான் இவங்க புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. வெகுநாள் கழித்து வந்ததால், இது கோபம்தான் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது.

"குடுங்க டாக்டர்." கையை நீட்டினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா ஒரு..."

"தப்பா எடுக்கல. நீங்க நல்லாத்தான் பூசுவீங்க. ஆனா வேற ஆளுங்களாயிடுவாங்க."

அவர் வீரனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்தே பளபளப்பு வார்னிஷ் குப்பியை எடுத்து நீட்டினார். "மெல்லிசா பூசுங்க. அவசரப்படாதீங்க."

மத்தியானம் வெயில் வந்தது. சாப்பாட்டு மேசையில் மாமனும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிரஷ் பிடித்துப் பழகாத கையால் முதல் முகத்தைத் தொட்டான். ஈரத்துணி பட்ட கரும்பலகைபோல் வெள்ளை விலகி, அடியிலிருந்து கறுப்பு வந்தது. கன்னம் வந்தது. கண்ணுக்குள் அவள் வைத்த புள்ளி வந்தது.

"வந்துட்டாரு சித்தப்பா" என்றான் மச்சான்.

"இது யாரு?"

"பெரியத்தை. மூக்கைப் பாருங்க. சண்டைக்கு நிக்கிற நிப்பைப் பாருங்க."

"கையில ஈட்டி வேற."

"ஈட்டி இல்லாமலே அப்படித்தான் நிப்பாங்க."

முகம் முகமாகத் தெளிந்தது. என்ன, எல்லாம் மினுமினுத்தன.

"வேர்த்து வழியிற மாதிரி இருக்கே மாமா."

"மலை ஏறினா வேர்க்கும்."

கொடி பிடித்திருந்த பெண் மட்டும் தெளியவில்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவள், அவள்மேல்தான் வார்னிஷ் கெட்டியாக விழுந்திருந்தது. இன்னொரு பூச்சு கொடுத்தார்கள். அப்படியும் வெள்ளையாகவே நின்றாள்.

"இது அக்காதானே?" என்றான் மச்சான், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவா."

"விட்டுடலாமா? கொடி இல்லாம ஆடிக்கிறேன்."

அவன் எழுந்துபோய் அவளுடைய வண்ணக் குப்பிகளைக் கொண்டுவந்தான். எதோடு எதைக் கலப்பாள் என்று தெரியாது. கலந்ததைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான் அவன் கண்டது. பழுப்பில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து தன் கையில் இழுத்தான். அவன் அவளைவிட வெளுப்பு. ஒன்றும் விளங்கவில்லை.

மச்சான் பட்டறைக் கறை படிந்த கையைத் திருப்பி மேசைமேல் வைத்தான். "இதுல பாருங்க. அக்காவை விட நான் ஒரு சுத்து கறுப்பு. அதுக்குக் குறைச்சுக்கோங்க."

ஒரு கோடு, இன்னொரு கோடு. கை முழுக்கக் கோடாயிற்று. கடைசியில் ஒன்றைச் சரி என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன முகத்தில் பூசினான். அப்பிக்கொண்டு கெட்டியாக வந்தது. கண் வைத்தபோது ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது தரையைப் பார்த்தது.

மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அக்கா பார்த்தா திட்டுவா மாமா."

"திட்டட்டும்" என்றான் அவன். பிரஷைக் கழுவிக்கொண்டு, ஒரு கண்ணையாவது நேராக்கலாம் என்று மறுபடி உட்கார்ந்தான்.