பதினைந்து சுற்று

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் துணி காயப்போடும் கம்பி மூன்று மாதமாகத் தொய்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் வெயில் இல்லை. மழை இல்லை. இரும்புக்கடைக்காரர் தலையில் கட்டிய மட்டமான சரக்கும் இல்லை. நான்தான். தினமும் காலையில் என் வீட்டுக்காரர் நடைக்குக் கிளம்பியதும் பின்கதவைத் திறந்துகொண்டு போய்ப் பதினைந்து சுற்று தளர்த்திவிட்டு வந்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் வலது தோள் இறுகிப்போயிற்று. டாக்டர் அதை உறைந்த தோள் என்றார். கை தோள் மட்டத்துக்கு மேல் ஏறாது. ஏற்றினால் உயிர் போகும். தானாக வந்தது தானாகப் போய்விடும், ஆனால் ஒரு வருஷம்கூட ஆகலாம், அதுவரை சுவரில் விரல்களை மேலே நடக்கவிட்டுப் பயிற்சி செய்யுங்கள் என்றார். யாருக்கு வேண்டுமானாலும் வரட்டும், முடி வெட்டிப் பிழைக்கிறவளுக்கா வர வேண்டும்?

பெண்களுக்கு முடி திருத்தும் கடை என்னுடையது. இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, முப்பது நீலத் துண்டுகள். பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன். கடையை எடுத்தபோது மாதச் சம்பளம் இவருக்குத்தான் இருந்தது, அதனால் வாடகை ஒப்பந்தமும் இவர் பெயரில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து இவர் ஒரே பல்லவியைப் பாட ஆரம்பித்தார். கை கால் நன்றாக இருக்கும்போதே கடையை விட்டுவிடு, ஒப்பந்தம் முடியப்போகிறது, இனிமேல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கை கால் நன்றாக இருக்கும்போதே இந்தப் பேச்சு என்றால், கையே தூக்க முடியவில்லை என்று தெரிந்தால் என்ன ஆகும்? அன்றைக்கே கடைக்குப் பூட்டுதான். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. கையெழுத்து விழும்வரை இவருக்குத் தெரியக் கூடாது என்று முடிவுகட்டினேன்.

கடையில் சமாளித்தேன். நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, நான் ஒரு பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டு வெட்டினேன். வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர், என்னைத் தரையில் உட்கார வைத்துவிட்டாயே என்று சிரித்தார். இப்போது எல்லா ஊரிலும் இப்படித்தான், புது முறை என்று அடித்துவிட்டேன். வீட்டிலும் மேல்தட்டில் இருந்த டப்பாக்களைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கீழே இறக்கிவிட்டேன். முன்பக்கம் பொத்தான் வைத்த உடையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். இவர் எதையும் கவனிக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆனால் ஆண்களுக்குக் கண்முன் இருக்கிற மனைவி தெரியமாட்டாள்.

ஆனால் கம்பி தெரியும். முப்பது வருஷம் மின்சாரக் கம்பி இழுத்த மனிதர். மின்கம்பிக்குக்கூடக் கொஞ்சம் தொய்வு வேண்டுமாம், இல்லாவிட்டால் குளிரில் சுருங்கி அறுந்துவிடுமாம். துணிக்கம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. எட்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புத் தூண்களை நட்டு, தன் உயரத்துக்குக் கம்பியைக் கட்டியிருந்தார். இவர் ஆறடி, நான் ஐந்தடி. கம்பி ஒரு பக்கம் தூணின் உச்சியில் சின்னக் கப்பியில் ஏறி இறங்கி, இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புத் திருகில் முடியும். அதன் நடுவில் ஒரு கம்பித் துண்டை நுழைத்து ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் சுற்றினால் தளரும். மூன்று விரல் அளவு விட்டால் போதும், நடுவில் ஒரு முழம் தொங்கிவிடும். இது இவரே எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு.

கடைத் துண்டுகள் தினமும் இருபதாவது துவைக்க வேண்டும். கம்பி விண்ணென்று நின்றால் என் கை எட்டாது. தொங்கினால், ஈரத்துண்டின் கனமும் சேர்ந்து தோள் மட்டத்துக்கு வரும், நடுப்பகுதியிலேயே நெருக்கி நெருக்கிப் போட்டுவிடுவேன். தளர்த்துவது இடது கையால் ஆகிற வேலை. திரும்ப முறுக்குவதற்கு இரண்டு கையின் பலமும் வேண்டும், அது என்னிடம் இல்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். மத்தியானம் வந்து துண்டுகளை எடுப்பேன். சாயங்காலம் இவர் போய் முறுக்குவார். ஈரத்துணி தொங்கும்போது முறுக்கக் கூடாது என்பது இவர் சட்டம்.

ஆரம்பத்தில் கம்பியாகக் கட்டியிருந்தது நைலான் கயிறு, முதலில் அதைத் திட்டினார். நைலான் அப்படித்தான், வெயிலில் இளகும் என்று சொல்லி, பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி வாங்கி வந்தார். அதுவும் தொய்ந்தது. அடுத்து தூண்தான் சாய்கிறது என்று அடியில் சிமென்ட் போட்டார். அப்புறம் இரும்புக்கடைக்காரரோடு சண்டை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காற்றில் ஆடும்போது திருகு தானாகக் கழன்றிருக்கும், அது நகராமல் பிடிக்க மேலே ஒரு பூட்டுமரை போட்டு இறுக்கிவிடுங்கள், அதன் பிறகு மனிதக் கை பட்டால்தான் கழலும் என்று சொல்லி அனுப்பினார்.

பூட்டுமரை வந்தது. மறுநாள் காலையில் அதையும் கழற்றினேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பக்கத்துச் சுவர் பத்தடி உயரம், வெளியாள் வர வழியில்லை, இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டே மத்தியானம் வந்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. திருகின் முன்னால் நின்று பூட்டுமரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் கேட்டார், நேற்று நான் கம்பியை முறுக்கினேன்தானே, நீ பார்த்தாயா என்று. நான் பார்த்திருந்தேன். ஜன்னல் வழியாக, வியர்க்க வியர்க்க முறுக்கியதைப் பார்த்திருந்தேன்.

"நான் எங்க பார்த்தேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அதோடு கம்பியைப் பற்றிய பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. திட்டு இல்லை, சிமென்ட் இல்லை, இரும்புக்கடை இல்லை. சாயங்காலம் சத்தமில்லாமல் போய் முறுக்கிவிட்டு வருவார். அப்பாடா, மனிதருக்கு அலுத்துவிட்டது, தப்பித்தோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடை விடுமுறையான ஒரு நாள், காலைச் சாப்பாடு முடிந்ததும் என்னை உட்காரச் சொன்னார். மேஜைமேல் ஒரு உறையை வைத்தார். உள்ளே ஒப்பந்தம். மூன்று வருஷத்துக்குப் போடுவதுதான் வழக்கம். ஐந்து வருஷம் என்று இருந்தது. கீழே இவர் கையெழுத்து.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன திடீர் ஞானோதயம் என்று சிரித்தபடி கேட்டேன். இவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் தப்புது," என்றார். "அண்ணனுக்கு வந்த மாதிரியே. நாளைக்கு நான் உன்னையே யாருன்னு கேக்குற நிலைமைக்கு வந்துட்டா, உனக்குன்னு போய் உட்கார ஒரு இடம் வேணும். அதான் போட்டேன்."

இவருடைய அண்ணன் அறுபது வயதில் சாவியைத் தேட ஆரம்பித்தார். அறுபத்தாறில் தன் மனைவியைப் பார்த்து, நீங்க எந்த வீட்டும்மா என்று கேட்டார். கேட்டபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். தேதி போட்டுப் பதினொரு வரி எழுதியிருந்தது. பெரும்பாலும் ஒரே விஷயம். 'கம்பி முறுக்கினேன், பூட்டுமரை போட்டேன் என்று நினைப்பு. காலையில் பார்த்தால் போடவில்லை.' ஒரு வரிக்குக் கீழே சின்ன எழுத்தில், 'அவளைக் கேட்டேன். பார்க்கவில்லை என்றாள்.'

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். நான் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இன்னும் சில மாதத்தில் தோள் சரியாகிவிடும், கம்பி தானாகத் தொய்வது நின்றுவிடும், இவரும் தேறிவிட்டதாக நினைத்துக்கொள்வார். இப்படியெல்லாம் புத்தி ஓடியது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எழுந்திரிங்க," என்றேன்.

பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் இவர் முறுக்கிவிட்ட கம்பி விண்ணென்று நின்றது. இவர் கண்முன்னால் பூட்டுமரையைக் கழற்றினேன். கம்பித் துண்டை நுழைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே பதினைந்து சுற்று விட்டேன். அப்புறம் இவர் பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அது தோள் மட்டத்தில் நின்றது. அதற்கு மேல் தூக்கியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வலியில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். அப்படியென்றால் தனக்கு ஒன்றுமில்லையா என்று என்னையே கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்ததும் கோபம் வந்தது. வர வேண்டியதுதானே. ஒன்றரை மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்தேன், உன்னிடம் வந்து கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றார். நான் உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்து, கிழித்துவிடுங்கள் என்று நீட்டினேன். மனதார நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"ஒத்தக் கையால கடையையும் நடத்தி, துணியையும் காயப்போட்டு, என்னையும் பைத்தியக்காரன் ஆக்கியிருக்க. நீ கடைய மூடிட்டு வீட்ல உட்கார்ந்தா, அந்த மூளை முழுக்க என் ஒருத்தன்மேலதான் வேலை காட்டும். என்னால தாங்காது. நீ கடைக்கே போ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பேனாவைக் கொண்டுவரச் சொல்லி, காகிதத்தை முழங்கால்மேல் விரித்து, முதல் வரியைக் காட்டி, இது நீயா என்றார். நான்தான் என்றேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அடுத்தது? நான்தான். அடித்தார். ஒவ்வொன்றாக ஒன்பது வரி அடித்ததும் இவர் தோள் நிமிர்ந்துவிட்டது. பத்தாவது, குடையை பஸ்ஸில் விட்டது. குடையை விடாத மனிதன் யார், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றேன். அதையும் அடித்தார்.

பதினோராவது வரியில் பேனா நின்றது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, அதற்குப் பிறகு இவர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார். 'நடை முடிந்து வந்து, நாலு வீடு தள்ளி வேறு வீட்டுக் கதவில் சாவி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.'

"இது?" என்றார்.

அதுவும் நான்தான் என்று சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். அதற்கு என்ன வழி?

"அது நான் இல்லைங்க," என்றேன். "நம்ம தெருவுல எல்லாக் கதவும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"நம்ம கதவு பச்சை," என்றார். "அது வெள்ளை."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். நான் உள்ளே போய் டாக்டர் கிளினிக்கின் எண்ணைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். மறுநாளைக்கு நேரம் இருக்கிறது, யாருக்கு என்று அங்கே இருந்த பெண் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்," என்றேன்.